ஜிம்மிக்கு நோகிறது, அம்மா

விசுவமடுவில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

“2011 இல் நாங்கள் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்த நேரம் குட்டியாக வந்து சேர்ந்தவன் ஜிம்மி. கடுவன், ஊர் நாய். 13 வயது தாண்டிவிட்டது. ஆறு வருசத்துக்கு முதல் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் மோட்டார் சைக்கிள் அடித்து வலது பின்னங்காலில் காயம். தானாக ஆறிவிட்டது. போன மாரியில் இருந்து விடிய எழும்ப ஏலாமல் இருக்கிறான். முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்து இழுத்துத்தான் எழும்புவான். கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். மகன் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி வீட்டுக்கு மாபிள் போட்ட பிறகு, உள்ளே வந்தால் கால் நாலும் நாலு பக்கம் வழுக்குகிறது. விறாந்தைப் படி மூன்றும் ஏறுவதில்லை. ஆனால் நான் கடைக்குப் போய் வரும்போது படலை மட்டும் வந்து நிற்பான். நல்ல பாரம், சீனி மூட்டை மாதிரி. ஒருநாளும் நோவென்று கத்தியதில்லை. என்னுடைய முழங்கால் நோவுக்கு ஆஸ்பத்திரியில் தந்த டைகுளோபினாக் குளிசையில் பாதியை இரண்டு கிழமையாகச் சோற்றுக்குள் வைத்துக் கொடுக்கிறேன். முதல் நாலைந்து நாள் துள்ளித் திரிந்தான். இப்போது விடியச் சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கிறான். பக்கத்து வளவு அண்ணை, இடுப்பில் சூடு வைத்தால் சரிவரும் என்கிறார். மகன், வயது போய்விட்டது, ஊசி போட்டு அனுப்பிவிடுங்கோ என்கிறான். பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ, இதற்கு மருந்து இருக்கோ இல்லையோ?”

அம்மா,

மற்ற எல்லாவற்றுக்கும் முதல் அந்தக் குளிசையை இன்றோடு நிறுத்துங்கள். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாளும் வேண்டாம். ஜிம்மி சாப்பாட்டை மணந்துவிட்டுப் போவதைக் கால் நோவோடு சேர்த்துப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அது வயிற்று நோவாகத்தான் படுகிறது.

டைகுளோபினாக் கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. உங்கள் முழங்காலுக்கு அது சரி. மூட்டில் நோவையும் வீக்கத்தையும் கூட்டுகிற இரசாயனங்களை அது உண்டாகவிடாமல் தடுக்கிறது. அதே குடும்பத்து இரசாயனங்கள்தான் இரைப்பையின் உட்தோலைப் புண்ணாகாமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்ப்பதும். ஒன்றை அடைக்கும்போது மற்றதும் சேர்ந்து அடைபடுகிறது. நாயில் இன்னொரு கரைச்சலும் உண்டு. இந்த வகை மருந்து பித்தத்தோடு குடலுக்கு வந்து, அங்கிருந்து திரும்பவும் இரத்தத்தில் ஏறும். ஒரே மருந்தை அதன் குடல் இரண்டு மூன்று தரம் தாங்க வேண்டி வருகிறது. முதல் நாலைந்து நாள் ஜிம்மி துள்ளித் திரிந்தது உண்மையான சுகம்தான். அதற்குரிய விலையை வயிறு பிறகுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

இந்தியாவில் 1990களில் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, காரணம் தெரியவில்லை. டைகுளோபினாக் ஏற்றப்பட்ட மாடு செத்துப்போக, அந்த இறைச்சியைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகிறது என்று 2004 இல் கண்டுபிடித்தார்கள். 2006 இல் கால்நடைகளுக்கு அதைப் பாவிப்பதை இந்தியா தடைசெய்தது. கழுகு வேறு, நாய் வேறு, அது தெரியும். ஆனால் “எங்களுக்கு ஒத்துக்கொள்வது அதுக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது?” என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

அப்போ பனடோல் கொடுக்கலாமோ என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு கூடினால் ஈரலைத் தாக்கும். வீட்டில் பூனை இருந்தால் அதன் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது, ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். இபுபுரூபனும் அப்படித்தான், நாயில் வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் பேர்போனது. தலையிடிக்குப் பூசுகிற பாமையும் காலில் தேய்க்க வேண்டாம். பூசிய அடுத்த நிமிடம் நக்கி விழுங்கிவிடும்.

நாளைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மலம் கறுத்துத் தார் மாதிரிப் போனால், சத்தி எடுத்தால், வழமையை விடக் கூடத் தண்ணி குடித்தால், பல் முரசு வெளிறியிருந்தால் நாளை மட்டும் பொறுக்க வேண்டாம், இன்றைக்கே. போக முதல் போன் எடுத்துக் கேளுங்கள். எங்கள் பக்க அரசாங்கக் கால்நடை வைத்தியர்கள் விடியவே மாடு பார்க்க, சினைப்படுத்த என்று வெளியே இறங்கிவிடுவார்கள். நீங்கள் ஓட்டோ பிடித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. போகும்போது குளிசை மட்டையையும் கொண்டுபோங்கள். எத்தனை நாள், எத்தனை பாதி என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏசுவாரோ என்று பயந்து இந்த விசயத்தை மறைப்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் மறைத்தால், அவர் வேறொரு நோ மருந்தை அதன் மேல் போடுவார், இரண்டும் சேர்ந்தால் இரைப்பை ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். ஒரு நோ மருந்தில் இருந்து அதே வகையான இன்னொன்றுக்கு மாற, இடையில் ஏறக்குறைய ஒரு கிழமையாவது வயிற்றுக்கு ஓய்வு தேவை. ஸ்டீரொயிட் ஊசிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஓட்டோவில் ஏற்ற நீங்கள் தூக்க வேண்டாம், உங்கள் முழங்காலும் பாவம். பழைய சாரம் ஒன்றை நீளமாக மடித்துப் பின்னங்காலுக்கு முன்னால், வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு தலைப்பையும் மேலே பிடியுங்கள். பின்பாரம் உங்கள் கையில் வரும், முன்னங்காலால் அது தானாக நடக்கும். வீட்டிலும் விடிய எழுப்புவதற்கு இதே சாரம் உதவும்.

சரி, இனிக் காலுக்கு வருவோம்.

“ஒருநாளும் நோவென்று கத்தியதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்கள் கடிதம் முழுக்க அது கத்திக்கொண்டுதான் இருக்கிறது. படுத்து எழும்பும்போது விறைப்பு, நடந்தால் இளகுதல், படி ஏறாமை, முன்பக்கத்தால் பாரத்தை இழுத்தல், மாரியில் கூடுதல். நாய் வாய்விட்டுக் கத்துவது மிதிபட்டால், குளவி குத்தினால். மாதக்கணக்கில் இருக்கிற நோவுக்கு அது தன் நடையைத்தான் மாற்றும். வருத்தம் வந்தவனைப் போல ஒதுங்கிப் படுக்கும். பேரப்பிள்ளை இடுப்பில் கை வைத்தால் உறுமும், வீட்டார் “வயது போகப் போகச் சினம் கூடுது” என்பார்கள். ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்கும். ஒருக்கால் பின்னால் நின்று பாருங்கள், வலது தொடையை விட இடது தொடை பருத்திருக்கும் என்று நினைக்கிறேன். நோகிற காலில் பாரம் போடாமல் விட்டால் அந்தத் தசை வற்றிவிடும். பின்னங்கால் நகங்களின் முன்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காலைத் தூக்காமல் இழுத்து நடந்தால் அப்படித் தேயும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், அது மூட்டுத் தேய்வாகத்தான் இருக்க வேண்டும். அடிபட்ட முழங்கால் அன்றைக்கே முழுதாக ஆறியிருக்காது. உள்ளே இருக்கிற தசைநார் ஒன்று கிழிந்து, மூட்டு சற்று ஆட்டம் கண்டு, எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு ஆறு வருசமாக உரஞ்சிக்கொண்டே வந்திருக்கும். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, தேய்ந்தால் திரும்ப முளைக்காது. அதனால் “மருந்து இருக்கோ இல்லையோ” என்ற உங்கள் கேள்விக்கு இரண்டு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. நோவைப் பெருமளவு குறைக்க நிறைய வழி இருக்கிறது.

ஆனாலும் கடிதத்தைப் பார்த்து மூட்டுத் தேய்வு என்று முத்திரை குத்த எனக்கு விருப்பமில்லை. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பேராதனையில் கால்நடை வைத்தியப் படிப்பு முடித்து வேலைக்கு வந்த புதிதில், ஒரு ஐயா தன் கிழட்டு நாயைக் கைவண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னங்கால் நொண்டல். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன், “வயது போயிற்று ஐயா, ஒன்றும் செய்யேலாது” என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து விசர் தடுப்பூசி போட அந்தப் பக்கம் போனபோது அதே நாய் படலையில் படுத்திருந்தது. அன்றைக்குத்தான் காலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு நகம் வளைந்து வளர்ந்து பாதச் சதைக்குள் ஏறியிருந்தது. வெட்டி எடுத்து, மருந்து வைத்துக் கட்ட ஐந்து நிமிடம். அந்த இரண்டு மாத நோ என்னுடைய கணக்கில் இருக்கிறது.

அதனால் வைத்தியர் காலைத் தொட்டுப் பார்க்காமல் வயது என்று சொன்னால், விடாதீர்கள். “ஒருக்கால் காலைப் பாருங்கோ டொக்டர்” என்று கேளுங்கள். நகமும் விரலிடுக்கும் பார்ப்பது ஒன்று. எலும்பில் கடினமான வீக்கம் இருக்கிறதா என்று தடவுவது ஒன்று, எலும்புப் புற்றுநோய் முழங்காலை அண்டிய இடங்களில் வரக்கூடியது, அதன் நோ இப்படி நடந்தால் இளகாது, நாளுக்கு நாள் கூடும். அப்புறம் உண்ணிக் காய்ச்சல். ஆடு மாட்டோடு திரிகிற வன்னி நாய்களுக்கு உண்ணிக்குக் குறைவில்லை. உண்ணியால் வரும் காய்ச்சலில் மூட்டு வீங்கும், இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு மறு கால் என்று நொண்டும், முரசு வெளிறும், மூக்கால் இரத்தம் வரும். அதற்கு வேறு மருந்து. இன்னொன்றை நீங்களே பார்க்கலாம். ஜிம்மி நிற்கும்போது பின்பாதத்தை மெதுவாக மடக்கி, மேல்பக்கம் நிலத்தில் படும்படி வைத்துவிடுங்கள். நரம்பு சரியாக இருந்தால் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும். மடங்கியபடியே நின்றால் பிழை முள்ளந்தண்டிலோ நரம்பிலோ இருக்கலாம், அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விடிய அது எழும்புவதைப் பேரப்பிள்ளையிடம் சொல்லி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியரின் மேசையைக் கண்டால் நொண்டுகிற நாய் எல்லாம் பயத்தில் நேராக நடக்கும், எங்களுக்கு ஒன்றும் விளங்காது. எக்ஸ்ரே எல்லா இடத்திலும் இல்லை. எடுக்க முடிந்தால் நல்லது, எடுக்க முடியவில்லை என்பதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பக்கத்து வளவு அண்ணைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், சூட்டுக் கோலை அடுப்படியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, சூடு வைத்து நடந்த மாட்டை அவர் கண்ணால் கண்டிருப்பார். மூட்டு நோ கூடும், பிறகு தானாகக் குறையும், திரும்பக் கூடும். உச்சத்தில் இருக்கிற நாளில்தான் ஆட்கள் சூடு வைக்கிறார்கள். அடுத்த கிழமை தன்பாட்டில் குறையும்போது பேர் சூட்டுக்குப் போகிறது. ஜிம்மிக்கு மிஞ்சப் போவது எரிகாயம். எங்கள் பக்கத்து இலையானுக்கு இரண்டு நாள் போதும், அதில் புழு வைத்துவிடும்.

சூடு வேண்டுமென்றால் ஒத்தடம் கொடுங்கள். துவாயைச் சுடுதண்ணியில் தோய்த்துப் பிழிந்து, முதலில் உங்கள் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடிந்தால் ஜிம்மியாலும் முடியும். இடுப்பிலும் தொடையிலும் பத்து நிமிடம். நொச்சி இலை போட்டு அவித்த தண்ணியானாலும் தடையில்லை. விடிய எழும்ப முதல் ஒருக்கால் கொடுத்தால் எழும்புவது சுகமாக இருக்கும். மூட்டு கொதித்து வீங்கியிருக்கிற நாளில் மட்டும் சூடு கூடாது.

இனி வீடு. உங்கள் மகன் ஆசையாகப் போட்டுத் தந்த மாபிளைக் குறை சொல்கிறேன் என்று அவர் கோபிக்கக் கூடாது. ஜிம்மியின் பக்கம் இருந்து பார்த்தால், அது தினமும் எண்ணெய் பூசிய நிலத்தில் நடக்கிறது. வழுக்காமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் தொடையை இறுக்குகிறது, ஒவ்வொரு வழுக்கலும் அந்த ஆட்டம் கண்ட மூட்டைத் திரும்ப இழுக்கிறது. குளிசையால் குறைகிற நோவை மாபிள் பின்னேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடும். அது நடக்கிற வழியில் மட்டும் தும்புக் கால்மிதியோ ரப்பர் விரிப்போ போட்டு விடுங்கள். படுக்கையில் இருந்து சாப்பாட்டுக் கோப்பைக்கு, அங்கிருந்து வாசலுக்கு. வெறும் சாக்கு விரிக்க வேண்டாம், மாபிளில் சாக்கும் சேர்ந்து வழுக்கும். நகத்தையும் வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் நிலத்தில் முட்டினால் பாதம் பிடிக்காது.

படிக்குப் பக்கத்தில் கிரவலும் மண்ணும் கொட்டி, மிதித்து இறுக்கி ஒரு சரிவு அமையுங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் அரைவாசி மண் போதும். செங்குத்தாக வேண்டாம், நீளமாக, மெல்லச் சாயட்டும். பலகை போடுவதை விட எனக்கு இது பிடிக்கும், பலகை ஆடினால் நாய் ஒருநாள் பயந்து, பிறகு அதில் ஏறவே ஏறாது.

படுக்கை சீமெந்திலும் வேண்டாம், மாபிளிலும் வேண்டாம். பழைய தும்பு மெத்தைத் துண்டு இருந்தால் அது போதும். இல்லாவிட்டால் சாக்குக்குள் வைக்கோலை நிறைத்துத் தையுங்கள், கிழமைக்கு ஒருமுறை வைக்கோலை மாற்றி, சாக்கை வெயிலில் காயப் போடுங்கள், இல்லையென்றால் உண்ணிக்கும் தெள்ளுக்கும் நல்ல வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஐப்பசி தொடங்கினால் விறாந்தைத் தூவானத்தில் விடாமல் உள்ளே எடுங்கள். மார்கழி விடியல் குளிர் அதன் மூட்டுக்குத் தெரியும். சாப்பாட்டுக் கோப்பையை இரண்டு செங்கல்லின் மேல் வைத்தால், குனிந்து முன்னங்காலில் பாரம் போடுவது குறையும்.

நோகிறது என்று கட்டி வைக்காதீர்கள். சங்கிலியில் நாள் முழுக்கப் படுத்த நாயின் மூட்டு பூட்டிப்போகும், தசை இன்னும் வற்றும். ஒருநாள் நெடுந்தூரம் நடத்திவிட்டு மூன்று நாள் படுக்க விடுவதும் கூடாது. நாளுக்கு மூன்று தரம், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், மண் ஒழுங்கையில். தார் வீதியில் மத்தியானம் உங்கள் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். விடிய ஆறு மணி, பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முதல் ஒருக்கால். நடந்துவிட்டு வந்த பிறகு நொண்டல் கூடினால் அடுத்த நாள் ஏழு நிமிடமாகக் குறையுங்கள்.

புத்தகங்களில் நீச்சல்தான் மூட்டு நோவுக்கு முதன்மையான பயிற்சி என்று இருக்கும். உண்மைதான், தண்ணி பாரத்தைத் தாங்க, தசை மட்டும் வேலை செய்யும். அந்தப் புத்தகம் எழுதியவர்கள் இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் காணாதவர்கள். எங்கள் குளத்தில் நொண்டி நாயை இறக்கினால் முதலைக்குத்தான் சாப்பாடு. குளம் வேண்டாம். வாய்க்காலில் தெளிந்த தண்ணி முழங்கால் அளவில் மெல்ல ஓடுகிற நாளில், சாரத்தால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடத்துங்கள், அது போதும். தேங்கிய வயல் தண்ணியில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும்.

பாரத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. சாதாரண ஊர் நாய் ஒன்று 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். ஜிம்மி சீனி மூட்டை என்றால் 25 என்று வைப்போம். மிச்சமாகச் சுமக்கிற அந்த ஐந்தாறு கிலோவும் இரவு பகலாகப் பழுதான மூட்டில்தான் குந்தியிருக்கிறது. உடம்பின் பாரத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரியக் குறையும், ஜிம்மிக்கு அது ஒன்றரைக் கிலோ சொச்சம்தான். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் குட்டிகளை ஒரே ஈற்றில் இருந்து சோடி சோடியாக எடுத்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் காற்பங்கைக் குறைத்து மற்றதுக்குக் கொடுத்து, சாகும்வரை பார்த்தார்கள். முடிவு 2002 இல் வந்தது. குறைத்துச் சாப்பிட்ட நாய்களின் ஆயுள் நடுக்கணக்கில் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. கிழட்டு வயதில் தொடங்கினால் அவ்வளவு லாபம் வராது, ஆனால் நோ குறையும்.

அதற்காக இன்றைக்கே சோற்றைக் குறைக்காதீர்கள். முதலில் வயிறு ஆறி, பழையபடி சாப்பிடத் தொடங்கட்டும். பிறகு சோற்றில் கால்வாசியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உப்பில்லாமல் அவித்த பூசணிக்காயைப் போடுங்கள், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். கிழமைக்குக் கால் கிலோ இறங்கினால் போதும். காலைத் தேத்தண்ணியோடு நீங்கள் போடுகிற பிஸ்கட்டைக் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். விலாவைத் தடவிப் பார்க்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலா எலும்பு அப்படித் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவது போல இருந்தால் இன்னும் கொழுப்பு இருக்கிறது.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து சூடை, சாளை வருகிற நாளில் இரண்டு மூன்றை வெங்காயமும் உள்ளியும் தூளும் சேர்க்காமல் அவித்து, முள் எடுத்துக் கொடுங்கள். அந்த மீன் எண்ணெய் மூட்டு வீக்கத்தைக் குறைக்கும், ஆனால் ஆறு கிழமைக்கு மேல் விடாமல் கொடுத்தால்தான் தெரியும். குப்பியில் வருகிற மீன் எண்ணெய் வாங்குவதானால் வைத்தியரிடம் அளவு கேளுங்கள். ஈரல் எண்ணெய் வேண்டாம், அதில் விற்றமின் ஏயும் டியும் கூடிப்போகும். கருவாடு உப்பு, வேண்டாம். குளுக்கோசமைன் என்று விலை கூடிய குளிசை ஒன்றைப் பாமசியில் காட்டுவார்கள். கெடுதல் இல்லை, பெரிய பலனும் கண்டதில்லை. அந்தக் காசுக்குச் சூடை வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஜிம்மிக்கு மருந்து தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். நாய்க்கென்று அளவு தெரிந்த நோ மருந்துகள் இருக்கின்றன. மெலொக்சிகாம் அதில் ஒன்று. தொடர்ந்து கொடுக்கிற அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. 25 கிலோ நாய்க்கு 2.5 மில்லிகிராம். ஆட்களுக்கான குளிசை 7.5, 15 என்று வருகிறது, அதில் பாதி என்றாலும் கூடிப்போகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால் பேர் தெரிந்துவிட்டது என்று பாமசியில் வாங்கக் கூடாது. இரத்தம் எடுத்துச் சிறுநீரகமும் ஈரலும் சரி என்று பார்த்த பிறகு, சாப்பாட்டோடு, வைத்தியர் சொன்ன அளவில். சில கிழமையில் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும். சத்தி, கறுத்த மலம், சாப்பாடு மறுத்தல், இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது வயிறு ஆறுகிற இந்தக் கிழமையில் அது சும்மா நோவோடு கிடக்க வேண்டும் என்று இல்லை. கபாபென்டின் என்ற மருந்து நரம்பு வழியாக நோவைத் தணிக்கும், இரைப்பையைப் புண்ணாக்காது. முதல் சில நாள் தூங்கி வழியும், பயப்பட வேண்டாம். உங்கள் விருப்பத்துக்குத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். அது ஒத்துவருமா என்று கேளுங்கள்.

யாராவது ஒரு ஊசி போட்டு, ஜிம்மி அன்று பின்னேரமே ஓடித் திரிந்தால், என்ன ஊசி என்று எழுதி வாங்குங்கள். அனேகமாக ஸ்டீரொயிட்டாக இருக்கும். நோ மறையும், பசி கூடும், பாரம் ஏறும், மாதா மாதம் போட்டால் தசை இன்னும் கரையும். நோ மருந்துக் குளிசையோடு அது சேரவே கூடாது.

மகன் சொன்னதற்கு வருகிறேன். ஊசி போட்டு அனுப்புவதை நான் பாவம் என்று நினைப்பவள் இல்லை. என் கையால் போட்டிருக்கிறேன், சில நாய்களுக்கு அதுதான் கடைசியாகச் செய்யக்கூடிய உதவி. மயக்க மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுப்பது அது, தூங்குவது போலப் போய்விடும். ஆனால் ஜிம்மிக்கு இதுவரை ஒரு வைத்தியமும் நடக்கவில்லை, அம்மா. நடந்தது பிழையான குளிசை ஒன்றுதான். இரண்டு மாதம் சரியாகச் செய்து பார்க்காமல் முடிவெடுக்கிற நேரம் இது இல்லை.

அந்த இரண்டு மாதத்துக்கும் சுவரில் தொங்குகிற கலண்டரில் அடையாளம் போடுங்கள். விடியத் தானாக எழும்பி, சாப்பிட்டு, படலைக்கு வந்த நாளுக்கு ஒரு வட்டம். மூன்றில் இரண்டு நடக்காத நாளுக்கு ஒரு புள்ளடி. நாளாந்தம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, தாளில் தெரியும். மருந்தும் கொடுத்து, நிலமும் மாற்றி, அதற்குப் பிறகும் புள்ளடி வட்டத்தைத் தாண்டினால், மூத்திரத்திலேயே எழும்ப முடியாமல் கிடந்தால், அப்போது அந்தக் கலண்டரைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பிப் பேசுங்கள். அவர் தூரத்தில் இருந்து உங்கள் அழுகையை மட்டும் போனில் கேட்கிறார், அதனால்தான் அப்படிச் சொல்லியிருப்பார்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஜிம்மியின் பாரத்தை நான் சீனி மூட்டையை வைத்துத்தான் கணக்குப் போட்டேன், மருந்தின் அளவை அப்படிப் போட முடியாது. ஓட்டோவில் போகிற வழியில் நெல் ஆலையில் இறங்கி, மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களே பிடித்து ஏற்றுவார்கள். எத்தனை கிலோ என்று வைத்தியருக்குச் சொல்லுங்கள், எனக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.